நெற்றியில் சிவப்பு

சிறப்பு இயற்பியல் வகுப்பில் எல்லோரும் நெற்றியில் ஒரு சிறு விளக்கை ஒட்டிக்கொள்ள வேண்டும். பாடம் புரிந்தால் பச்சை எரியும், புரியாவிட்டால் சிவப்பு. தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்த ஜெர்லின், இரண்டு மாதமாக முன்முடியை இழுத்துவிட்டு விளக்கை மறைத்துவந்தாள்.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "புரியல்லன்னா சாருக்குத் தெரியண்டாமா மக்களே?" என்று மகளின் முடியை ஏற்றி வாரி, கிளிப் போட்டு அனுப்பினாள்.

குவாண்டம் பாடம் தொடங்கியதுமே ஜெர்லினின் நெற்றி சிவந்தது. அவள் வெட்கத்தில் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த ஷெபின் அதைப் பார்த்துவிட்டு நெற்றிவரை இழுத்துவிட்டிருந்த தன் தொப்பியை மெல்லக் கழற்றினான். அவனுக்கும் சிவப்பு. அடுத்தடுத்துத் தொப்பிகள் கழன்றன, வகுப்பே சிவந்தது.

ஆசிரியர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தன் நெற்றியிலிருந்த பிளாஸ்திரியை உரித்தார். அடியில் அவருடைய விளக்கும் சிவப்பு.

"செரி, மொதல்லருந்து சேந்தே படிப்போம்," என்றார்.