தட்டியவர்

ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட அந்தப் போக்கிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் அவ்வப்போது மூச்சுவிட மறந்துபோவான். மணி அடிக்கும். நர்ஸ் ஓடிப்போய் உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள், மூச்சு திரும்பும். பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, ‘தட்டியவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவாள்.

மூன்றாம் நாளிலிருந்து, அவள் போய்ச் சேருவதற்குள் அந்தக் குட்டிக் கால் மூன்று முறை உதறும், மூச்சும் வந்துவிடும். உள்ளங்கால் லேசாகச் சிவந்திருக்கும். கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

மாடி வார்டில் அம்மாக்காரிக்கு ரத்த அழுத்தம் நூற்றெழுபதை விட்டு இறங்கவே இல்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பிள்ளை முகத்தைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை.

“தூக்கத்துல கட்டில் கம்பிய மூணு தட்டு தட்டுறா, சிஸ்டர்,” என்றான், பிள்ளையைப் பார்க்க மாடியிலிருந்து இறங்கி வந்த அவள் கணவன். “இப்பக்கூட, பத்தே காலுக்கு.”

பதிவேட்டிலும் பத்தே கால்தான் இருந்தது. நர்ஸ் காலிக் கட்டங்களிலெல்லாம் ‘அம்மா’ என்று எழுதி வைத்தாள்.

ஒன்றரை மாதத்தில் தாயும் பிள்ளையும் தேறி வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

“அந்தத் தட்டுற விரலை மட்டும் இங்க விட்டுட்டுப் போம்மா,” என்று நர்ஸ் கேலி செய்தாள்.

“வெச்சுக்கோங்கக்கா,” என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் அதே பெட்டிக்கு இன்னொரு குறைமாதப் பிள்ளை வந்தது. அதைப் பெற்றவள், அழுத்தம் எகிறி, பிரசவத்திலேயே போய்விட்டாள். மத்தியானம் மணி அடித்தது. நர்ஸ் எழுந்து ஓடுவதற்குள் அந்தக் கால் உதறியது. ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் பதிவேட்டை எடுத்து, கட்டத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள்.