குயில் சிம்

கீழே குயில் கூவியது.

அவள் எழுந்திருக்கவில்லை.

மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் பிழிந்திருந்தாள். கையில் குடை. வெயிலுக்குப் பாதி, காக்கைக்குப் பாதி.

குயில் கூவினால் அவளுக்கு வந்த போன். மணி அடித்தால் அவருக்கு. இரண்டும் ஒரே போனிலிருந்துதான். அது இருப்பது அவர் சட்டைப் பையில்.

படியில் செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது.

பழனி மலைக்கு விஞ்ச் விட்டுவிட்டார்கள். மன்னார்குடியில் இந்த மாடிக்கு இன்னும் விடவில்லை.



பங்குனியில் அவள் போன் இட்லி மாவில் விழுந்து உயிரை விட்டது.

வேறு வாங்கலாமா என்று கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள்.

அவர் அவளுடைய சிம்மைத் துடைத்துத் தன் போனின் இரண்டாவது ஸ்லாட்டில் செருகினார். பிறகு விளக்கினார். பேசுவதெல்லாம் அவர் சிம்மில். அதில்தான் அளவில்லாமல் பேசலாமே. அவள் சிம்முக்கு மூச்சு நிற்காமல் இருக்க ஒரு குட்டி ரீசார்ஜ். வருகிற போன் அதுபாட்டுக்கு வரும். மாதாமாதம் இரண்டு தண்டம் அழுத இடத்தில் இனி ஒன்றே கால். வீட்டுக்கு ஒரு போன் போதும், மிச்சமெல்லாம் ஊதாரித்தனம்.

சலூனில் சொன்னார். ரேஷன் வரிசையில் சொன்னார். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரின் பேனாவைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். அந்தக் கணக்கைக் கேட்காத காக்கை ஊரில் இல்லை.

ஓய்வூதியர் சங்கத்துக்குப் புதுப் பொருளாளர் வேண்டும் என்றபோது எல்லார் வாயிலும் அவர் பெயர்தான் வந்தது.



சித்திரையில் ஒரு நாள் குயில் கூவியிருக்கிறது.

அவள் மாடியில். அவருக்கு முழங்கால் வலி.

அவ வீட்ல இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சொன்னதையும் மறந்துவிட்டார்.

கூப்பிட்டது அவள் தங்கை விசாலம். காரைக்காலில், பிரசவ வார்டு வாசலிலிருந்து. எட்டு வருஷம் ஏங்கிக் கிடந்த மகளுக்குப் பெண் குழந்தை. அக்காவுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று, சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் அடித்த போன்.

அவளுக்கு மறுநாள் தெரிந்தது. நாத்தனார் வந்து, "அட, உனக்கே தெரியாதா? விசாலம் கூப்பிட்டப்ப நீ வீட்ல இல்லையாமே" என்று கேட்டு.

அவள் சண்டை போடவில்லை.

தன் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பூக்காரிக்குக் கொடுத்தாள். ரவிக்கை தைக்கிறவளுக்குக் கொடுத்தாள். திருவிளக்கு பூஜைக்கு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் குங்குமத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக் கொடுத்தாள். ராஜகோபுரத்துப் பொம்மைகளுக்குத்தான் பாக்கி.

கொடுக்கும்போதே சொல்லியும் வைத்தாள். வீட்டில் இல்லை என்றால் நம்ப வேண்டாம், மாடியில்தான் இருப்பேன்.

குயில் விடியற்காலையில் கூவியது. அவர் குளிக்கும்போது கூவியது. மூன்றாவது வாய் ரசம் சாதத்தில் கூவியது. ஊரில் மாந்தோப்பே இல்லாத குறை தீர்ந்தது.

அவர் ஏறினார். இறங்கினார். ஏறினார்.



இன்றைக்கும் ஏறி வந்தார். மூச்சு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

அவள் போனை வாங்கிக்கொண்டு அதே வீச்சில் குடையை அவர் கையில் கொடுத்தாள்.

விசாலம். குழந்தைக்குத் தலைமுடி சுருளாமே. காது யார் ஜாடை. காது முடிந்து மூக்குக்கு வந்து, மூக்கு முடிந்து, அவள் போனை வைத்தாள்.

திருப்பிக் கொடுக்கவில்லை.

கையிலேயே மணி அடித்தது.

சங்கத்துத் தட்சிணாமூர்த்தி. காலையிலிருந்து அவர் காத்துக்கிடந்த போன். கூட்டம் கூடியாயிற்று, பொருளாளராக நிற்கச் சம்மதம் என்று ஒரு வார்த்தை அவர் வாயால் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் ஒரு கையில் குடையோடு மறு கையை நீட்டினார்.

அவள் பச்சையைத் தொட்டாள். அவர் கண்ணைப் பார்த்தாள்.

"அவர் வீட்ல இல்லீங்களே."

வைத்துவிட்டாள்.

ஒரு காக்கை இறங்கி, ஆற அமர ஒரு வடகத்தைத் தேர்ந்தெடுத்து, எடுத்துக்கொண்டு போயிற்று.

அவர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று நினைவு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

பிறகு போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, குடையும் கையுமாகப் படியிறங்கி ஓடினார். முழங்கால் வலியை மாடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்திருக்கவில்லை; பதவி நல்லவேளையாகத் தப்பியது.



சாயங்காலம் அவர் கடைத்தெருவிலிருந்து வந்தபோது கையில் ஒரு பெட்டி இருந்தது. புதுப் போன்.

மேஜையில் வைத்தார். தன் போனைத் திறந்து குயிலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் பெட்டியிலிருந்த ஊசியால் குத்தினாள். குட்டித் தட்டு வெளியே வந்தது. தன் சிம்மை வைத்தாள். தள்ளினாள்.

முதல் போன் காரைக்காலுக்கு. குழந்தை காதருகே வை என்றாள்.

அந்தப் பக்கம் குழந்தை ஒரு தும்மல் போட்டது.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நெடுநேரம் அப்படியே நின்றாள். வேறு சத்தம் வரவில்லை. வேண்டியும் இருக்கவில்லை.

பிறகு மேஜைக்கு வந்தாள். ஊசியைத் திரும்ப எடுத்தாள். தட்டை இழுத்துப் பார்த்தாள்.

அவள் சிம்முக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் காலியாக இருந்தது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு ஒரு போன் போதும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரை.

ஊசி விரலிடுக்கில்தான் இருந்தது.

அவர் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.