இன்னும் எதை எடுப்பது?

பதினான்காவது ஓவர் முடிந்ததும் கேலரியின் இடதுபக்கம் மொத்தமாக எழுந்தது. நாற்பது பெண்கள் கேட்டைப் பார்த்து வேகவேகமாக நடந்தார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

கிரிக்கெட் கிளப் செயலாளர் காலியான வரிசைகளை எண்ணிப் பார்த்தார். மைதானத்தை வண்டி நிறுத்துமிடமாக மாற்ற நகராட்சி முடிவு செய்திருந்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு மாத அவகாசம் வாங்கியிருந்தார்.

"நாலாவது ஞாயிறு, கடைசிப் பந்து போடும்போது வந்து பார்ப்பேன்" என்றிருந்தார் அதிகாரி. "பொம்பளைங்களும் உட்கார்ந்திருந்தா இது பொது மைதானம். இல்லேன்னா உங்க நாலு பேர் பொழுதுபோக்கு."

அந்த நான்கில் ஒரு ஞாயிறு இப்போது கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவர் செயலாளர். ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டினார். பெண்கள் எழுவதற்குச் சற்று முன்னால் ஒரு எல்பிடபிள்யூ பதிவாகியிருந்தது.

பந்து ஸ்டம்பில் படவில்லை, யாரும் கேட்ச் பிடிக்கவில்லை, காலில்தான் பட்டது. கால் குறுக்கே வராவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று அம்பயர் நினைத்தார், அதனால் அவுட். நடக்காத ஒன்றுக்குத் தண்டனை! புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு எப்படிப் புரியும்?

அடுத்த ஞாயிறு எல்பிடபிள்யூவைத் தூக்கிவிட்டார். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வாசலிலேயே ஆளுக்கொரு கப் எலுமிச்சை ஜூஸும் கொடுத்தார்.

"சார், அவன் ரெண்டு காலையும் வச்சு ஸ்டம்பை மறைச்சுட்டு நிக்கிறான்" என்று பந்துவீச்சாளர் கொதித்தார். "நான் பந்து போடவா, கதவைத் தட்டவா?"

பெண்கள் பன்னிரண்டாவது ஓவரிலேயே எழுந்துவிட்டார்கள்.

இந்த முறை அதற்கு முந்தைய பந்து நோ பால். போட்ட பந்தையே போடவில்லை என்பது, அடுத்த பந்து ஃப்ரீ ஹிட், அதில் கேட்ச் பிடித்தாலும் அவுட் இல்லை என்பது. யாருக்குத்தான் தலை சுற்றாது? அதையும் அடித்துவிட்டார்.

அந்த வேகத்தில் வைடு, லெக் பை, பவர்ப்ளே எல்லாம் போயின. எட்டுப் பக்க விதிகள் பாதி அட்டைக்குள் அடங்கின: பந்து போடுவார்கள், அடிப்பார்கள், ஓடுவார்கள். மூன்றாவது ஞாயிறு ஜூஸ் கப்பையும் பெரிதாக்கினார்.

ஒன்பதாவது ஓவரில் இடதுபக்கம் காலி.

"இன்னும் எதை எடுக்கப் போறீங்க?" என்றார் கேப்டன். "ஸ்டம்பையா?"

செயலாளர் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை மதியம், வேறு வழி தெரியாமல், தையலகத்துக்கு ஓடினார். அங்கே சூப்பர்வைசராக இருந்த அவருடைய அண்ணிதான் அந்த நாற்பது பேரையும் கூட்டி வருகிறவர்.

"அண்ணி, விதிகளை இதுக்கு மேல எளிமையாக்க எனக்குத் தெரியல" என்று அட்டையை நீட்டினார். "இதுல எது புரியலைன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணி தைத்துக்கொண்டிருந்த காலரை நிறுத்திவிட்டுப் படித்தார். "எல்பிடபிள்யூ எங்கே?"

"எடுத்துட்டேன். உங்களுக்கெல்லாம் குழப்பமா இருக்குமேன்னு..."

"என்ன குழப்பம்? லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினா அவுட் கிடையாது. நேரா குத்தி ஸ்டம்புக்குப் போற பந்து கால்ல பட்டா அவுட். எங்க பொத்தான் தைக்கிற பொண்ணைக் கேளுங்க, சொல்லுவா." அண்ணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அன்னைக்குக் கொடுத்ததுதான் தப்பு. பந்து முதல்ல பேட்டுல பட்டுச்சு. உங்க அம்பயரைக் கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

செயலாளர் அட்டையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார், அண்ணி விடவில்லை.

"ஃப்ரீ ஹிட்டையும் காணோம்? அதுக்காகத்தான் நாங்க வர்றதே! ரெண்டு வாரமா நல்லா இருந்த ஆட்டத்தைப் பிச்சுப் பிச்சுப் போடுறீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

செயலாளர் வெட்டுத்துணிக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"இப்போ கேக்குறேன், அண்ணி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நாளைக்குக் கடைசி ஞாயிறு. அந்த அதிகாரி வரும்போது கேலரி காலியா இருந்தா மைதானமே போச்சு. ஆட்டம் புரியுது, பிடிக்கவும் செய்யுது. பிறகு ஏன் பாதியிலேயே எழுந்து ஓடுறீங்க?"

அண்ணி சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிற ஆள் நகர்ந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு கிட்டே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாளைக்கு உங்க பிளேயர்ஸ் பாத்ரூமை எங்களுக்குத் திறந்து விடுங்க, தம்பி."