இரும்பா, அலுமினியமா?

திருடிய தங்கம் இருக்கும் பெட்டியை எங்கே ஒளித்தாய் என்று மூன்று வருடம் மாற்றி மாற்றிக் கேட்டும் வாயைத் திறக்காததால், போலீஸ்காரர்களே அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள். விடுதலையான மறுநாள் காலை, ஒரு புதன்கிழமை, அந்தக் கல்லுளிமங்கன் ஸ்கூபா சாமான்கள் வாடகைக்குத் தரும் கடையில் நின்றுகொண்டிருந்தான்.

கப்பல் அடியில் பாசி சுரண்டிப் பிழைத்தவன். தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் அப்போதெல்லாம் படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். முதுகில் காற்று டாங்க் கட்டியதில்லை. செத்த டாங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அடுக்கியிருந்த டாங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல டாங்கா ஒண்ணு குடுங்கக்கா."

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "காலுக்கு ஏத்த செருப்பு மாதிரிதான் தம்பி, தண்ணிக்கு ஏத்த டாங்க். கடலா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணி. பதினெட்டு மீட்டர் ஆழம்."

"கார்லேருந்து ரொம்ப தூரம் தூக்கணுமா?"

"இருநூறு படி இறங்கணும்."

"உள்ள அலைஞ்சு திரிஞ்சா காத்து சீக்கிரம் தீர்ந்துடும்."

"அலையவே வேணாம். முங்கிக் கிடக்கிற பழைய கிரேனுக்கு நேர் கீழ."

"கையில வெயிட் இருக்குமா?"

"போறப்ப வெறுங்கை. வர்றப்ப பத்து கிலோ."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மச்சான் மீன்தொட்டி வெச்சிருக்கான். அதுக்குக் கல்லு" என்று சமாளித்தான்.

அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப இரும்பு டாங்க்தான். அலுமினியம் காத்து தீரத் தீர லேசாகி மேல இழுக்கும். அதுக்கு ஈடா இடுப்புல இதைக் கட்டணும்" என்று மேசைக்கு அடியில் அடுக்கியிருந்த ஈயக்கட்டிகளைக் காலால் தட்டினாள். ஒவ்வொன்றிலும் 'திருப்பித் தரவும்' என்று பொறித்திருந்தது. "பாதிப் பேர் தண்ணியிலேயே போட்டுட்டு வந்துடுறாங்க. இரும்பே கனம், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, ஈயமே வேணாம்."

மங்கன் இரும்பு டாங்க் ஒன்றைத் திருப்பி, கழுத்தருகே குத்தியிருந்த தேதியைப் பார்த்தான். "சோதனைக் கெடு போன மாசமே முடிஞ்சிடுச்சேக்கா!"

"கண்ணு கூர்மைதான். நாளைக்குக் கடை லீவு. அழுத்தம் சோதிச்சு வெள்ளிக்கிழமை காலையில தர்றேன். அவசரப்பட்டா போறது உங்க உயிர்தானே?"

இரண்டு நாளும் மங்கனுக்குத் தூக்கம் இல்லை. போலீசுக்குச் சொல்லிவிடுவாளோ என்று கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். வியாழக்கிழமை கடை பூட்டியிருந்தது. ஒரு போலீஸ் தலைகூடத் தென்படவில்லை. வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை டாங்க் தயாராக இருந்தது. புதுத் தேதி குத்தி, காற்று முழுசாக நிரப்பி, தோள்வார்கூட அவன் உடம்புக்கு அளவு வைத்திருந்தாள்.

ஊரில் தண்ணீர் நிரம்பிக் கிடப்பதே அந்த ஒரு கைவிட்ட கல்குவாரிதான். படியிறங்கி, மூழ்கி, முதல் மூச்சை இழுத்தான். வந்தது. இரண்டாவதும் வந்தது. பத்தாவது மீட்டரில் பயம் விட்டது. கிரேனுக்குக் கீழே, சேற்றில், வைத்த இடத்தில் வைத்தபடி அவனுடைய தகரப் பெட்டி! மேலே வரும்வரை டாங்க் ஒருமுறைகூடத் திணறவில்லை. மகராசி நன்றாயிருக்கட்டும் என்று மனதார வாழ்த்திக்கொண்டே படியில் உட்கார்ந்து பெட்டியின் கொக்கியைத் தள்ளினான்.

உள்ளே, அவனுக்கு வேண்டவே வேண்டாம் என்று கடைக்காரம்மா சொன்ன ஈயக்கட்டிகள், 'திருப்பித் தரவும்' என்ற பொறிப்போடு, சரியாகப் பத்து கிலோ இருந்தன.