டம்மி போனின் தேதி

ஆண்டுதோறும் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் புது இயங்குதளம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்பவர் அந்தப் போன்கடைக்காரர். ஏழு வருடமாக ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பழைய தேதிகளை அட்டவணை போட்டு, வீடியோவில் கணிப்பு சொல்லும் மைத்துனரை அவர் ஆளாகவே மதிப்பதில்லை.

"குருட்டுப்பூனை விட்டத்துல பாயற மாதிரி தேதி சொல்றே மாப்ளே. அதுக்கு அட்டவணை வேற ஒரு கேடு."

அவருடைய கணிப்போ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு டம்மி போன். உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கூடு, திரைக்குப் பதில் அச்சடித்த காகிதம். ஆகஸ்டுக் கடைசியில் தூசி துடைக்கும்போது காகிதத்தில் அச்சடித்த தேதி, அந்த வருடம் இயங்குதளம் வரப்போகும் நாளாக மாறியிருக்கும். அதைத் தன் மூளையின் சாமர்த்தியம் என்றே அவர் நம்பிவிட்டார்.

இந்த வருடம் தேதி தப்பினால் மீசையை எடுப்பதாகச் சவால் வேறு விட்டிருந்தார். செப்டம்பர் பிறந்தும் காகிதத்தில் போன வருடத் தேதியே நின்றது. மேல்மூலையில் அச்சடித்திருந்த பேட்டரி அளவு மட்டும் மாறியிருந்தது. நூறாக இருந்தது காலையில் ஒன்பது, மத்தியானம் நான்கு.

மைத்துனர் வந்தார். "என்ன மச்சான், தேதி இன்னும் வேகலையா? பிளேடு வாங்கியாரட்டுமா?"

டம்மியின் அடியில் துளை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு மையில் ஒரு கோடுதான் இருந்தது. கடைக்காரர் சார்ஜர் முனையை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது டம்மிதானே மச்சான்?"

"வாய மூடு மாப்ளே. சார்ஜ் ஏறட்டும்."

சிரிக்க வாயைத் திறந்த மைத்துனரின் கண்ணெதிரே, காகிதத்திலிருந்த நான்கு மூன்றானது.