ஈரம் காயாத தளம்

அந்தத் துறைமுக நகரத்தை மறுபடி கட்டித்தரும் ஒப்பந்தம் எங்கள் கோயமுத்தூர் கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது. நகரம் இன்னும் இடியவில்லை. வல்லரசு மார்கழியில் போரைத் தொடங்கி இடித்துத் தரும். தை பிறந்ததும் நாங்கள் பூமி பூஜை போடுவோம்.

அங்கே வரப்போகும் ஹோட்டலுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். நீச்சல்குளம் வரவேண்டிய இடத்தில், செயற்கைக்கோளின் நேரலைப் படத்தில் ஒரு வீடு தெரிந்தது. மாடியில் புதிதாகக் கான்கிரீட் போட்டுப் பாத்தி கட்டியிருந்தார்கள். தளம் இறுகுவதற்காக ஒரு பெண் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

மனசு கேட்கவில்லை. முதலாளி தனசேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்பத்தான் தளம் போட்டிருக்காங்க சார். குளத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சா இந்த வீடு தப்பிச்சுக்குமுங்க."

திரையை உற்றுப் பார்த்தவர் அவசரமாக வல்லரசின் ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டார்.

"சார், அங்க புதுசா கட்டிட்டிருக்காங்க. மார்கழி வரைக்கும் விட்டா தளமெல்லாம் இறுகிப்போயிருமுங்க. அப்புறம் உங்களுக்குக் குண்டுச் செலவு ஜாஸ்தி."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஃபோனை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லவேளை சொன்னே, பொற்கொடி. நாளைக்கே ஆரம்பிக்கிறாங்களாம்."

திரையில் அந்தப் பெண் அடுத்த பாத்திக்கு ஹோஸை இழுத்துக்கொண்டிருந்தாள்.