தண்ணீர் சிந்திய கொத்தனார்

"டாக்டர், எவரிஸ்தோ நம்மள ஏமாத்துறாரு!"

மூச்சிரைக்க வந்து நின்ற யமிலாவை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் டாக்டர் மிர்தா.

"முதல்ல உட்காரு. என்ன ஏமாத்தினாரு?"

"இப்பதான் அவரைச் சோதிச்சுட்டு மாடிக்குப் போனேன். பாட்டில்ல இருந்து டம்ளருக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா, மேசை பூரா சிந்துறாரு. சாவி திருப்ப வரல. மூடி திறக்க வரல. 'முடியலையேம்மா'ன்னு முகத்தை வச்சுக்கிட்டதைப் பார்த்து எனக்கே அழுகை வந்துடுச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, கீழே முற்றத்துல நாலு பேருக்கு மாத்தே டீ ஊத்திக்கிட்டிருக்காரு! பிளாஸ்க்கை ஒத்தைக் கையில பிடிச்சு, சுடச்சுட. ஒரு சொட்டு சிந்தல!"

எவரிஸ்தோ ரொசாரியோ நகரத்தில் பேர்பெற்ற கொத்தனார். சாரம் சரிந்து விழுந்ததில் கழுத்துக்குள் தண்டுவடம் அடிபட்டது. கால் போனது போனதுதான். கையையாவது மீட்கலாம் என்று இந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்.

மொத்தம் இருபது பேர். பாதிப் பேருக்குக் கைப்பயிற்சி மட்டும். மீதிப் பேருக்குப் பயிற்சியோடு, கழுத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் புது மெஷினும் உண்டு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்து, பட்டியலை உறையில் ஒட்டி வைத்தார்கள். முன்னேற்றத்தை அளக்கும் யமிலாவுக்கு மட்டும் அது தெரியவே கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"பென்ஷனுக்காகத்தான் டாக்டர். கை வந்துடுச்சுன்னு எழுதினா நிறுத்திடுவாங்கன்னு பயம். வேற என்ன?"

"நீயா முடிவு பண்ணாதே. வேணும்னே நடிச்சிருந்தா பேரை அடிச்சாகணும். அடிச்சா, அவருக்கு அடுத்த ஆறு மாசப் பயிற்சியும் கிடையாது. போய்க் கூட்டிட்டு வா."

யமிலா படியிறங்கினாள். அவளுடைய முதல் ஆராய்ச்சி இது. ஒரு எண் பொய்யானாலும் இருபது பேர் பட்ட பாடும் வீண். அதே சமயம், தன் ஒரு வார்த்தையால் ஒரு மனிதனின் கைப்பயிற்சி நின்றுபோகும் என்பதும் உறுத்தியது.

"எவரிஸ்தோ ஐயா, பிரமாதமா ஊத்துறீங்களே!"

பிளாஸ்க் அந்தரத்தில் நின்றது. சுற்றிலும் சக்கர நாற்காலிகளில் இருந்தவர்களில் ஒருவர் கிசுகிசுத்தார்: "கொத்தனார் கட்டின சுவரு இன்னைக்குத்தான் இடிஞ்சுது."

"நீ சும்மா இருய்யா" என்று அவரை அதட்டிவிட்டு எவரிஸ்தோ தலையைக் குனிந்துகொண்டார். "காரணம் இருக்கும்மா."

"சொல்லுங்க."

"சொன்னா, நான் எந்தக் குரூப்புன்னு உனக்குத் தெரிஞ்சுடுமே! அதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு முதல் நாளே கையெழுத்து வாங்கினது யாரு? நீதானே?"

"ஐயையோ, சொல்லாதீங்க!" யமிலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நாற்காலிகள் எல்லாம் சிரித்துவிட்டன.

எவரிஸ்தோவை டாக்டர் அறைக்குள் விட்டுவிட்டு அவள் வராந்தாவில் காத்திருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே தணிந்த பேச்சு. திடீரென்று டாக்டரின் சிரிப்பு. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கதவு திறந்தது.

"யமிலா, இவரை மறுபடி சோதிச்சுடு. பழைய தாளைக் கிழிக்காதே, நடந்ததை அப்படியே எழுதிச் சேர்த்து வை. பேரை அடிக்கிறதா வேண்டாமான்னு நெறிமுறைக் குழு சொல்லட்டும். நான் எல்லாத்தையும் எழுதி அனுப்பறேன்."

"ஏன் அப்படிச் செஞ்சாராம்?"

"பட்டியலைப் பிரிக்கிற வரைக்கும் அதை உங்கிட்டச் சொல்ல முடியாது."

சலுகை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் யமிலா.

இந்த முறை தண்ணீர் சிந்தவில்லை. சாவி திரும்பியது. மூடி திறந்தது. மேசையில் கிடந்த காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார் எவரிஸ்தோ. அத்தனைக்கும் முழு மதிப்பெண். எழுதும்போது அவளுக்கு வந்தது கோபமா நிம்மதியா என்று அவளுக்கே புரியவில்லை.

"கோபமாம்மா?"

"ஆமா."

"நல்லது. கோபத்துல இருக்கிறவங்க மார்க்கை அள்ளி வீச மாட்டாங்க."

நெறிமுறைக் குழு அவர் பெயரை அடிக்கவில்லை. இரண்டு சோதனையையும் உள்ளது உள்ளபடி அறிக்கையில் காட்டச் சொன்னது. பயிற்சி தொடர்ந்தது. யமிலாவுக்கு அன்றுதான் சோறு இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து, கடைசி நோயாளியையும் அளந்து முடித்த பிறகு, பட்டியலைப் பிரித்தார்கள். யமிலா முதலில் தேடியது எவரிஸ்தோவின் பெயரை. எதிரே 'பயிற்சி மட்டும்' என்று இருந்தது.

"மெஷின் இல்லாமலேயா கை வந்துச்சு? பெருமையாக் காட்ட வேண்டியதை அவர் ஏன் மறைச்சாரு, டாக்டர்?"

"அதைத்தான் அன்னைக்கு நானும் கேட்டேன். ஒரு ஆளை வச்சு நாங்க எதையும் முடிவு பண்ண மாட்டோம், இருபது பேரையும் சேர்த்துத்தான் பார்ப்போம்னு அவருக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

"எதை முடிவு பண்ண மாட்டோம்னு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பக்கத்துல பயிற்சி எடுக்கிற டெல்ஃபினாவுக்கு மெஷின் வச்சதுக்கு அப்புறம்தான் விரல் அசைய ஆரம்பிச்சுதாம். 'மெஷின் இல்லாம எனக்கே கை வந்துடுச்சுன்னு தெரிஞ்சா, இது எதுக்கு தண்டமான்னு நீங்க தூக்கிட்டுப் போயிடுவீங்க. எனக்கு வரலைன்னே எழுதிக்குங்க டாக்டர், அந்தப் பொண்ணுகிட்ட இருந்து அதை மட்டும் பிடுங்கிடாதீங்க'ன்னாரு."